கார் கம்பெனிகளும் விமான எஞ்சின்களும்: வடிவமைத்தது யார், செய்து குவித்தது யார்?

#1 கிராங்க்சாஃப்ட்

வணக்கம் நண்பர்களே. பழைய கார்கள் பகுதியில் ஒருவர், "ரோல்ஸ்-ராய்ஸ் கார் கம்பெனி எப்படி ஏர்பஸ் விமானத்துக்கு எஞ்சின் தருகிறது?" என்று கேட்டிருந்தார். பதில் நீண்டுகொண்டே போனதால் தனி இழையாக ஆரம்பிக்கிறேன்.

நேரடிப் பதில் சின்னது. அந்தப் பெயரில் இன்று இரண்டு கம்பெனிகள் இருக்கின்றன. விமான எஞ்சின் செய்வது ரோல்ஸ்-ராய்ஸ் பி.எல்.சி. கார் செய்வது பி.எம்.டபிள்யூவுக்குச் சொந்தமான இன்னொன்று. 1971 பிப்ரவரி 4-ஆம் தேதி பழைய ரோல்ஸ்-ராய்ஸ் திவாலானது. ஆர்.பி.211 ஜெட் எஞ்சினுக்குச் செலவழித்தே முடிந்துபோனார்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் விமான எஞ்சின் பகுதியை எடுத்துக்கொண்டது, 1973-இல் கார் பகுதி தனியாகப் பிரிந்தது.

ஆனால் எனக்குப் பிடித்த கதை அதற்கு முப்பது வருடம் முந்தையது. மெர்லின் எஞ்சின். 27 லிட்டர், வி-12. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லான்காஸ்டர், மொஸ்கிட்டோ எல்லாவற்றையும் பறக்க வைத்தது. மொத்தம் சுமார் ஒன்றரை லட்சம் மெர்லின்கள் செய்யப்பட்டன. அதில் ஏறத்தாழ 55 ஆயிரம் அமெரிக்காவின் பேக்கார்ட் கார் கம்பெனி செய்தவை. இன்னொரு 30 ஆயிரம் மான்செஸ்டர் பக்கத்தில் டிராஃபர்ட் பார்க்கில் ஃபோர்டு செய்தவை. பாதிக்கு மேல் மற்ற கார் கம்பெனிகளின் கைவண்ணம்.

ஃபோர்டு விஷயத்தை ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினியர் ஸ்டான்லி ஹுக்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஃபோர்டு எஞ்சினியர்கள் மெர்லின் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, இதை வைத்து எங்களால் செய்ய முடியாது என்றார்களாம். அளவுகள் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதால் தயங்குகிறார்கள் என்று ஹுக்கர் நினைத்தார். விஷயம் நேர் எதிர். உங்கள் வரைபடம் அளவில் அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வு எங்களுக்கு மிக அதிகம், நாங்கள் காருக்கே இதைவிடத் துல்லியமாகச் செய்கிறோம் என்றார்கள். ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலையில் தேர்ந்த ஃபிட்டர்கள் ஒவ்வொரு பாகத்தையும் கையால் பொருத்திச் சரிசெய்து வந்தார்கள். ஃபோர்டு லைனில் அப்படி நின்று ராவிக்கொண்டிருக்க ஆள் கிடையாது. எடுத்த பாகம் எதுவானாலும் அப்படியே உட்கார வேண்டும். வரைபடங்கள் முழுவதையும் திரும்ப வரைந்தார்கள், அதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு, அதுவரை எஞ்சின் பக்கமே போகாத ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் மெர்லின்களைச் செய்து அனுப்பினார்கள்.

என் கருத்து இதுதான்: கார் கம்பெனிகள் விமானத்துக்குக் கொடுத்த பெரிய கொடை வடிவமைப்பு இல்லை. அளவு மாறாமல் ஆயிரக்கணக்கில் செய்யும் பழக்கம்தான் அது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 பழையகார்_பிரியை

நல்ல இழை. ஆனால் உங்கள் கருத்து 1940-க்குப் பொருந்துகிற அளவுக்கு 1915-க்குப் பொருந்தாது. முதல் உலகப் போரில் வடிவமைப்பே கார் ஆட்களிடமிருந்துதான் வந்தது.

ஹிஸ்பானோ-சுய்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் பிர்கிட் பார்சிலோனாவில் கார் செய்துகொண்டிருந்தவர். 1915-இல் அவர் செய்த வி-8 விமான எஞ்சினில் சிலிண்டர்கள் தனித்தனியாக நிற்கவில்லை. ஒரு பக்கத்துக்கு நான்கு என்று ஒரே அலுமினிய வார்ப்பில் வந்தன, உள்ளே எஃகு லைனர். எடை குறைந்தது, விறைப்பு கூடியது. ஸ்பாட் 7 போர் விமானத்தின் உயிரே அந்த எஞ்சின்தான். பல நாடுகளில் பல கம்பெனிகள் சேர்ந்து சுமார் 50 ஆயிரம் செய்தார்கள். போர் முடிந்ததும் 1919-இல் அதே பிர்கிட் எச்6 காரைக் கொண்டுவந்தார். அதன் பானெட் மேல் நிற்கும் நாரை, போர் விமானி ஜார்ஜ் கினெமர் பறந்த பிரெஞ்சுப் படைப்பிரிவின் சின்னம்.

ரோல்ஸ்-ராய்ஸின் முதல் விமான எஞ்சினான ஈகிளும் கார் அனுபவத்திலிருந்து ராய்ஸே 1915-இல் உருவாக்கியதுதான். 1919 ஜூனில் ஆல்காக்கும் பிரவுனும் நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டிய விக்கர்ஸ் விமி விமானத்தில் இரண்டு ஈகிள்கள் இருந்தன. இதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. 1914 ஜூலையில் லியோன் கிராண்ட் பிரியில் மெர்சிடிஸ் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. அந்தக் காரின் எஞ்சினில் இருந்த எஃகு சிலிண்டர் முறை டைம்லரின் விமான எஞ்சின்களிலிருந்து வந்தது. போர் மூண்டபோது அந்தக் கார்களில் ஒன்று லண்டனில் மாட்டிக்கொண்டது. அதைத் தங்கள் தொழிற்சாலை இருந்த டெர்பிக்குக் கொண்டுபோய் ரோல்ஸ்-ராய்ஸ் ஆட்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஜெர்மன் விமானத்திலிருந்து ஜெர்மன் காருக்கு, அங்கிருந்து பிரிட்டிஷ் விமானத்துக்கு.

டபிள்யூ. ஓ. பென்ட்லியையும் விடக்கூடாது. போருக்கு முன் பிரெஞ்சுக் கார்களை விற்றுக்கொண்டிருந்தபோதே அலுமினிய பிஸ்டன் போட்டுப் பந்தயம் ஓட்டினார். போர் வந்ததும் அந்த யோசனையை ரோல்ஸ்-ராய்ஸுக்கும் சன்பீமுக்கும் எடுத்துப் போனார். அப்புறம் தானே சிலிண்டர்களே சுழலும் பி.ஆர்.1 ரோட்டரி எஞ்சினை வடிவமைத்தார். சாப்வித் கேமல் அதை வைத்தும் பறந்தது. அதைச் செய்தது கோவென்ட்ரியில் ஹம்பர் கார் தொழிற்சாலை. பென்ட்லி பெயரில் கார் வந்ததெல்லாம் இதற்குப் பிறகு, 1919-இல்.

#3 லேத்பட்டறை_கோவை

கிராங்க்சாஃப்ட் அண்ணா சொன்ன ஃபோர்டு விஷயத்தைத் தொழில் பக்கமிருந்து கொஞ்சம் விளக்குகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு "அளவு தளர்வாக இருக்கிறது" என்றால் ரோல்ஸ்-ராய்ஸ் மட்டமாகச் செய்தது போலத் தோன்றும். அது சரியில்லை.

இரண்டு பாகம் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டை ஒரு எல்லைக்குள் கடைகிறோம், துளையை ஒரு எல்லைக்குள் போடுகிறோம். எல்லை அகலமாக இருந்தால் பெரிய ஷாஃப்டும் சின்னத் துளையும் சந்திக்கும்போது உள்ளே போகாது, சின்ன ஷாஃப்டும் பெரிய துளையும் சந்தித்தால் லொடலொடக்கும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, கைதேர்ந்த ஃபிட்டர் ஜோடி பார்த்து எடுத்து, அரம் போட்டு ராவி, தேய்த்து உட்கார வைப்பது. இப்படிச் செய்த எஞ்சின் முதல்தரமாக ஓடும். தையல்காரர் ஆள் பார்த்துத் தைத்த சட்டை அது, இன்னொருவருக்குப் போடக் கொடுக்க முடியாது. இரண்டாவது வழி, எல்லையை இறுக்கி, ஜிக், ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனங்கள்), கேஜ் (அளவு சரிபார்ப்பது) எல்லாவற்றுக்கும் முன்பணம் கொட்டுவது. ஆரம்பச் செலவு மலை போல இருக்கும். பத்தாயிரம் எஞ்சின் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பும்.

ரோல்ஸ்-ராய்ஸ் முதல் வழியில் போனதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் மாதத்துக்கு மாதம் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மெர்லின் போர் தொடக்கத்தில் சுமார் ஆயிரம் குதிரைத்திறன், முடிவில் அதன் இரு மடங்கு. இத்தனை மாற்றத்தையும் முழு ஜிக் போட்டுக்கொண்டு செய்திருக்க முடியாது. மாற்றுவதற்கு ஒரு பட்டறை, பெருக்குவதற்கு ஒரு பட்டறை என்று இரண்டும் வேண்டியிருந்தது.

பேக்கார்டுக்கு இன்னும் சங்கடம். பிரிட்டிஷ் வரைபடங்களில் பார்வைக் கோணம் வரையும் முறையே வேறு, அமெரிக்காவில் வேறு. எல்லாவற்றையும் திருப்பி வரைந்தார்கள். போல்ட், நட்டில் வெட்டும் மறை மட்டும் பிரிட்டிஷ் அளவிலேயே இருக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் இங்கிலாந்தில் விமானப்படை மெக்கானிக் கையில் இருக்கும் போல்ட் சேராது. அமெரிக்காவில் அந்த மறையை வெட்டும் டேப், டை கிடைக்கவில்லை, பேக்கார்ட் தானே செய்துகொண்டது. 1940 செப்டம்பரில் ஒப்பந்தம், 1941 ஆகஸ்டில் முதல் எஞ்சின் ஓடியது. பதினோரு மாதம்! வரைபடத்தைக் கையில் வாங்கி ஒரு புது பம்ப்செட் உற்பத்திக்கு வருவதற்கே நாங்கள் படும் பாட்டை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

#4 டீசல்தம்பி

அண்ணா, ஒரு சந்தேகம். ஃபோர்டு அமெரிக்காவிலும் இருந்ததே? பேக்கார்ட் எதற்கு?

#5 கிராங்க்சாஃப்ட்

முதலில் கேட்டது ஃபோர்டைத்தான் தம்பி. 1940-இல் எட்சல் ஃபோர்டு ஒப்புக்கொண்டார். அப்பா ஹென்றி ஃபோர்டு, போரிடும் ஒரு வெளிநாட்டுக்கு நேரடியாக எஞ்சின் செய்து தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதனால்தான் வேலை பேக்கார்டுக்குப் போனது. அதே நேரத்தில் ஃபோர்டின் பிரிட்டிஷ் கம்பெனி மெர்லின் செய்தது. பின்னால் அமெரிக்க ஃபோர்டும் பிராட் அண்ட் விட்னியின் ஆர்-2800 எஞ்சின்களைச் செய்தது. பியூக்கும் செவர்லேயும் ஆர்-1830, ஸ்டூட்பேக்கர் பி-17 விமானத்துக்கு ரைட் எஞ்சின், கிரைஸ்லரின் டாட்ஜ் பிரிவு சிகாகோவில் பி-29-க்கு ரைட் ஆர்-3350. எந்தப் பெயரைத் தொட்டாலும் ஒரு எஞ்சின் வரும்.

பழையகார்_பிரியை சொன்ன 1915 உதாரணங்கள் வலுவானவை, ஏற்கிறேன். அவர் சொன்ன காலத்திலேயே என் பக்கத்துக்கும் ஒரு சாட்சி இருக்கிறது: லிபர்ட்டி எஞ்சின். 1917 மே கடைசியில் வாஷிங்டனின் வில்லார்ட் ஹோட்டலில் பேக்கார்டின் ஜெஸ்ஸி வின்சென்டும் ஹால்-ஸ்காட்டின் எல்பர்ட் ஹாலும் அறைக்குள் உட்கார்ந்து ஒரு வாரத்துக்குள் அடிப்படை வடிவத்தை வரைந்து முடித்தார்கள். புதுமை எதையும் புகுத்தக்கூடாது, எந்தக் கார் தொழிற்சாலையும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். பேக்கார்ட், ஃபோர்டு, மார்மன், ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாம் சேர்ந்து 20 ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். லிங்கன் என்ற கம்பெனி பிறந்ததே இந்த எஞ்சினைச் செய்வதற்காகத்தான். காடிலாக்கை விட்டு வெளியேறிய ஹென்றி லேலண்ட் 1917-இல் தொடங்கினார். போர் முடிந்ததும் கார் பக்கம் திரும்பி, தள்ளாடி, 1922-இல் ஃபோர்டிடம் போனது.

இனி என் மனதுக்கு நெருக்கமான ரோவர் கதைக்கு வருகிறேன். பிரிட்டனில் ஜெட் எஞ்சினைக் கண்டுபிடித்த ஃபிராங்க் விட்டிலின் எஞ்சினை உற்பத்தி செய்யும் வேலையைப் பிரிட்டிஷ் அரசு ரோவர் கார் கம்பெனியிடம் கொடுத்தது. லங்காஷயர் பக்கம் கிளிதெரோவிலும் பார்னோல்ட்ஸ்விக்கிலும் மூடிக்கிடந்த பஞ்சாலைகளில் வேலை நடந்தது. விட்டிலுக்கும் ரோவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. தன் வடிவத்தைக் கேட்காமல் மாற்றுகிறார்கள் என்று அவருக்குக் கோபம், சரியான வரைபடம் வருவதில்லை என்று இவர்களுக்குக் கோபம். மாதங்கள் வீணாயின. 1942 கடைசியில் ரோல்ஸ்-ராய்ஸின் எர்னஸ்ட் ஹைவ்ஸும் ரோவரின் ஸ்பென்சர் வில்க்ஸும் கிளிதெரோவில் ஒரு விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். எழும்போது பேரம் முடிந்திருந்தது. ஜெட் தொழிற்சாலையை ரோல்ஸ்-ராய்ஸ் எடுத்துக்கொள்ளும், நாட்டிங்காமில் அவர்கள் வைத்திருந்த டாங்க் எஞ்சின் தொழிற்சாலை ரோவருக்கு. அந்த டாங்க் எஞ்சினான மீட்டியார், மெர்லினிலிருந்து, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரைக் கழற்றியதுதான்.

இன்றைக்கும் ஆர்.பி.211 போன்ற பெயர்களில் 'பி' பார்னோல்ட்ஸ்விக்கைக் குறிக்கிறது. ரோவரில் ஏட்ரியன் லொம்பார்ட் என்ற இளம் எஞ்சினியர், விட்டிலின் வளைந்து திரும்பும் காற்றுப்பாதையை நேராக்கி ஒரு வடிவம் வரைந்து வைத்திருந்தார். தொழிற்சாலையோடு அவரும் ரோல்ஸ்-ராய்ஸுக்குப் போனார். அந்த வடிவம்தான் டெர்வென்ட் எஞ்சினாக வளர்ந்தது. ஆக ரோவரிடம் மூளை இல்லாமல் இல்லை. தினமும் மாறும் ஒரு பொருளோடு மல்லுக்கட்டும் பொறுமை ஒரு கார் கம்பெனியின் நிர்வாகத்துக்கு இல்லை என்பதே என் வாசிப்பு. பிஸ்டன் வரை உறவு இருந்தது, ஜெட் வந்ததும் அறுந்தது.

#6 யாழ்முகிலன்

வணக்கம் அண்ணா. இந்த உறவு எங்கள் வானத்திலும் மோதியிருக்கிறது.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து எதிர்த்தவை ஹரிக்கேன்கள். அவற்றுக்குள் மெர்லின். ஏப்ரல் 9-இல் திருகோணமலை. சீனக்குடாவிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்தன.

எதிரில் வந்த ஸீரோ விமானத்தை வடிவமைத்தது மிட்சுபிஷி. அதன் சகாயே எஞ்சின் நகாஜிமாவினது. போருக்குப் பிறகு நகாஜிமாவை அமெரிக்கர்கள் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். அந்தத் துண்டுகளில் ஐந்து 1953-இல் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. அதன் கார்தான் சுபாரு. சின்னத்தில் உள்ள ஆறு நட்சத்திரங்களில் பெரியது ஒன்றாகச் சேர்ந்த கம்பெனியையும் சிறிய ஐந்து சேர்ந்தவற்றையும் குறிக்கின்றன. இன்னொரு துண்டு பிரின்ஸ் மோட்டார் ஆகி 1966-இல் நிசானுக்குள் போனது. ஆக அன்று இலங்கைக்கு மேல் மோதியவை ரோல்ஸ்-ராய்ஸும் சுபாருவின் முன்னோரும்.

நீங்கள் எல்லோரும் காரிலிருந்து விமானத்துக்குப் போனவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். தோற்ற நாடுகளில் பாதை திரும்பி ஓடியது. விமானம் செய்யக்கூடாது என்று தடை வந்ததும் அந்த எஞ்சினியர்கள் ஸ்கூட்டருக்கும் காருக்கும் வந்தார்கள். 1958-இல் வந்த சுபாரு 360-ஐத் தலைமையேற்று வடிவமைத்த ஷின்ரோகு மொமோஸே, நகாஜிமாவில் விமான எஞ்சினில் வேலை பார்த்தவர்.

#7 பழையகார்_பிரியை

யாழ்முகிலன் சொல்வதற்கு முதல் போரிலேயே முன்மாதிரி உண்டு: பி.எம்.டபிள்யூ. அது கார் கம்பெனியாகப் பிறக்கவில்லை. மியூனிக்கில் ராப் என்ற விமான எஞ்சின் கம்பெனி 1917-இல் பெயர் மாற்றிக்கொண்டதுதான் பி.எம்.டபிள்யூ. மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த 3ஏ எஞ்சின் உயரத்தில் திறன் குறையாமல் ஓடியது, அதற்கென்று தனி கார்புரேட்டர். அடுத்த வருடமே போர் முடிந்தது. வெர்சாய் உடன்படிக்கை விமான எஞ்சினைத் தடுத்தது. ரயில் பிரேக் செய்து பிழைத்தார்கள். 1923-இல் அதே ஃபிரிட்ஸ் ஆர்32 மோட்டார் சைக்கிளை வடிவமைத்தார். கார் வந்தது 1928-இல், ஐசனாக்கில் ஒரு கார் கம்பெனியை வாங்கி.

இதைச் சொன்னதும் சின்னம் சுழலும் புரொப்பெல்லர் என்று யாராவது எழுதுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீலமும் வெள்ளையும் பவேரியாவின் நிறங்கள். 1929-இல் ஒரு விளம்பரத்தில் சின்னத்தைப் புரொப்பெல்லர் மேல் வைத்துக் காட்டினார்கள், அங்கிருந்து கதை கிளம்பியது. கம்பெனியே இதை விளக்கியிருக்கிறது.

இன்னொன்று. செய்து குவித்தது யார் என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனிப் பக்கம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. ஃபோக்க-வுல்ஃப் 190-இல் இருந்த பி.எம்.டபிள்யூ 801 எஞ்சினை மியூனிக்கின் ஆல்லாக்கில் செய்தவர்களில் டாகாவ் வதைமுகாமின் கிளைமுகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். டைம்லர்-பென்ஸின் கென்ஸ்ஹாகன் தொழிற்சாலைக்கு ராவென்ஸ்புரூக் முகாமிலிருந்து பெண் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. இரண்டு கம்பெனிகளும் பின்னாளில் இதை ஒப்புக்கொண்டு ஆய்வுகளுக்கு வழிவிட்டன. டைம்லர்-பென்ஸின் டி.பி.605 விமான எஞ்சினின் நேரடி எரிபொருள் செலுத்தும் முறையை வியந்து எழுதும் போதெல்லாம் இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

#8 மேகவண்ணன்

விமானப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். முதலில் #5-இன் கடைசி வரியை மறுக்கிறேன். ஜெட் வந்ததும் உறவு அறுந்தது என்பது உண்மைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஆலிசன் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸ் 1929-இல் வாங்கி 1993 வரை வைத்திருந்தது. சி-130 ஹெர்குலிஸின் டி56 டர்போபிராப் எஞ்சின் அந்த ஆலிசன் செய்தது. செவர்லேயும் காடிலாக்கும் செய்த அதே குடும்பம். 1995-இல் ஆலிசனை வாங்கியது ரோல்ஸ்-ராய்ஸ். நம் விமானப்படையின் சி-130ஜே விமானத்தில் இருக்கும் ஏ.ஈ.2100 அந்த வழியில் வந்தது. வோல்வோ குழுமம் 1941-இலிருந்து 2012 வரை விமான எஞ்சின் பிரிவை வைத்திருந்தது, விக்கன், கிரிப்பன் போர் விமானங்களின் எஞ்சின்கள் அங்கேதான் செய்யப்பட்டன. ஃபியட் 2003-இல்தான் விட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்ததை அறுந்தது என்று சொல்ல முடியாது. தனித்தனிப் பட்டறை, தனித்தனி ஆட்கள் என்று ஆனது, அவ்வளவுதான்.

இனி எனக்குத் தெரிந்த பக்கம். இன்று கார் எஞ்சினை எடுத்து விமானத்தில் வைத்தால் என்ன?

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், தன் எஞ்சின் தரக்கூடிய சக்தியில் சின்னப் பங்கைத்தான் கேட்கிறது. சிறு விமானம் ஏறும்போது முழுச் சக்தி, பறக்கும்போது மணிக்கணக்கில் 65 முதல் 75 சதவீதம். லைகோமிங் ஓ-360 என்ற பழைய எஞ்சினைப் பாருங்கள். 5.9 லிட்டர், ஆனால் 180 குதிரைத்திறன்தான், அதுவும் நிமிடத்துக்கு 2700 சுற்றில். கார்க்காரர்கள் இதைப் பார்த்து இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இவ்வளவுதானா என்பார்கள். புரொப்பெல்லரை அதற்கு மேல் வேகமாகச் சுற்றினால் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும், சத்தம் கூடும், இழுவிசை போகும். அதனால் எஞ்சினை மெதுவாக ஓட விட்டு நேரடியாகப் புரொப்பெல்லரை மாட்டியிருக்கிறார்கள். நடுவில் கியர் இல்லை. இல்லாத பாகம் உடையாது.

கார் எஞ்சின் 4000, 5000 சுற்றில்தான் சக்தி தரும். கியர் பெட்டி கட்டாயம். அங்கேதான் வினை. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்டை முறுக்கி விடுகிறது, மறுமுனையில் கனமான புரொப்பெல்லர் எதிர்த்து நிற்கிறது. அந்த முறுக்கதிர்வு கியரைத் தின்றுவிடும். 1980-களில் போர்ஷே தன் 911 எஞ்சினை மாற்றி பி.எஃப்.எம். 3200 என்று விமானத்துக்குக் கொடுத்தது. மூனி கம்பெனி அதை வைத்து விமானம் செய்தது. அருமையாக ஓடியது, விமானி எஞ்சினை இயக்க ஒரே நெம்புகோல் போதும். ஆனால் சான்றிதழ் செலவும் விலையும் தாங்கவில்லை, சில வருடங்களில் போர்ஷே விலகிக்கொண்டது.

அடுத்து ஜெர்மனியில் தீலெர்ட். மெர்சிடிஸ் ஏ-கிளாஸின் 1.7 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்து 135 குதிரைத்திறன் விமான எஞ்சினாக்கினார்கள். அதிர்வை வாங்க கிளட்ச் வைத்தார்கள், கியர் பெட்டியை 300 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி அனுப்ப வேண்டும். 2007 மார்ச்சில் ஸ்பையரில் இந்த எஞ்சின்கள் இரண்டு வைத்த டைமண்ட் கம்பெனியின் டி.ஏ.42 விமானம் ஒன்று, பாட்டரி இறங்கிய நிலையில் வெளி மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்யப்பட்டது. மேலெழும்பி சக்கரத்தை மடக்கியபோது மின்னழுத்தம் ஒரு கணம் விழுந்தது. எஞ்சின் கம்ப்யூட்டர்கள் மறுதொடக்கம் ஆயின, இரண்டு எஞ்சினும் நின்றன. தானே தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ வைத்த பழைய எஞ்சினில் இது நடக்கவே நடக்காது, அதற்கு பாட்டரியே தேவையில்லை. 2008-இல் தீலெர்ட் திவாலானது.

#9 டீசல்தம்பி

அப்படியென்றால் டீசல் கதை அங்கேயே முடிந்ததா அண்ணா? பயிற்சிப் பள்ளிகளில் டைமண்ட் விமானங்கள் டீசலில் ஓடுவதாகச் சொல்கிறார்களே.

#10 மேகவண்ணன்

முடியவில்லை தம்பி. டைமண்ட் தானே ஆஸ்ட்ரோ என்ற எஞ்சின் கம்பெனியை ஆரம்பித்தது. மெர்சிடிஸின் 2 லிட்டர் டீசலை அடிப்படையாக வைத்து ஏ.ஈ.300 என்ற எஞ்சின், 2009-இல் சான்றிதழ். எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தனி மாற்று மின்சாரம் இருக்க வேண்டும் என்ற பாடம் ஸ்பையருக்குப் பிறகு எல்லோருக்கும் உறைத்தது. தீலெர்டின் எஞ்சின்களும் கை மாறி, இன்று கான்டினென்டல் பெயரில் வருகின்றன.

நம் நாட்டில் இதற்கு மவுசு வந்ததற்கு எரிபொருளே காரணம். லைகோமிங் வகை எஞ்சினுக்கு ஈயம் கலந்த அவ்காஸ் என்ற விமான பெட்ரோல் வேண்டும். 2022-இல் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்கும் வரை அதை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தோம். டீசல் விமானம், ஜெட் விமானங்களுக்கான ஏ.டி.எஃப் எரிபொருளில் ஓடும், அது எந்த விமான நிலையத்திலும் கிடைக்கும்.

ஜெட் பக்கம் புதிதாக நுழைந்த கார் கம்பெனி என்றால் ஹோண்டாதான். 1986-இலேயே ஆராய்ச்சியை ஆரம்பித்து, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு கூட்டுச் சேர்ந்து, 2013-இல் எச்.எஃப்.120 எஞ்சினுக்குச் சான்றிதழ் வாங்கியது. 2015 டிசம்பரில் ஹோண்டாஜெட் விமானத்துக்கும். கிட்டத்தட்ட முப்பது வருடம் வருமானம் இல்லாமல் காத்திருக்கும் நிர்வாகம் இருந்தால் கார் கம்பெனியும் ஜெட் செய்யலாம். ரோவருக்கு அந்த முப்பது வருடம் கொடுக்கப்படவில்லை, சுற்றிலும் போர். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் கிராங்க்சாஃப்ட் சார்.

#11 கிராங்க்சாஃப்ட்

ஆலிசன், ஹோண்டா இரண்டும் நியாயமான எதிர்வாதம். ஒரு வேறுபாட்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலிசனை வைத்திருந்ததும் ஹோண்டா தனி ஆராய்ச்சிக் கூடம் வைத்ததும் முதலீட்டு உறவு. 1940-இல் இருந்தது தொழிற்சாலை உறவு: கார் செய்த அதே ஆட்கள், அதே மேலாளர்கள், அதே பழக்கம். டர்பைன் பிளேடு செந்தணலில் சுழன்றுகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அதைத் தாங்கும் நிக்கல் கலவையை உருக்கி வார்ப்பதற்குக் கார் லைனில் பழகிய எதுவும் உதவவில்லை. நான் அறுந்தது என்று சொன்னது அந்த இரண்டாவது உறவைத்தான்.

ஆலிசன் பேச்சு வந்ததால் மஸ்டாங்கையும் சொல்லிவிடுகிறேன். பி-51 முதலில் ஆலிசன் எஞ்சினோடுதான் வந்தது. தாழ்வாகப் பறக்கும்போது சிறப்பு, உயரே போனால் மூச்சு முட்டும். 1942 அக்டோபரில் இங்கிலாந்தில் ஹக்னாலில் அதில் இரண்டடுக்கு சூப்பர்சார்ஜர் வைத்த மெர்லினை மாட்டிப் பறந்தார்கள். விமானம் வேறு பிறவி எடுத்தது. பிறகு அமெரிக்காவில் வந்த மஸ்டாங்குகளுக்கு பேக்கார்ட் செய்த மெர்லின். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் போய், ரோல்ஸ்-ராய்ஸ் வரைந்து பேக்கார்ட் செய்த எஞ்சின் வந்தது. 1944 மார்ச்சில் அவை குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக பெர்லின் வரை போய் வந்தன. அந்த பேக்கார்ட் 1954-இல் ஸ்டூட்பேக்கரோடு சேர்ந்து, 1958-இல் கடைசிக் காரோடு முடிந்துபோனதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்தியாவிலும் ஒரு இழை உண்டு. 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கிய வால்சந்த் ஹீராசந்த், கார் கம்பெனியும் வேண்டும் என்று அதே காலத்தில் அலைந்தவர். 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். அதற்குள் விமானக் கம்பெனிப் பங்கை அரசு வாங்கிவிட்டது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வளரும் வாய்ப்பு வரவே இல்லை.

#12 லேத்பட்டறை_கோவை

வரைபடம் முக்கியமா, பட்டறை முக்கியமா என்ற கேள்விக்கு ஜப்பானில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. யாழ்முகிலன் தம்பிக்கு இது தெரிந்திருக்கும்.

டைம்லர்-பென்ஸின் டி.பி.601 எஞ்சினுக்கு ஜப்பானில் உரிமம் வாங்கினார்கள். கவாசாகி அதை ஹா-40 என்ற பெயரில் செய்து கி-61 போர் விமானத்தில் வைத்தது. வரைபடம் ஜெர்மனியினது, நன்றாக நிரூபிக்கப்பட்டது. ஆனால் அந்த கிராங்க்சாஃப்ட் நீளமானது, பரப்பு வழவழப்பாக வர வேண்டும், எஃகுக்கு நிக்கல் வேண்டும். போர் நெருக்கடியில் நிக்கல் இல்லை, தேர்ந்த ஆட்களைப் படையில் சேர்த்துவிட்டார்கள். கிராங்க்சாஃப்ட்டும் பேரிங்கும் தகராறு செய்துகொண்டே இருந்தன. திறன் கூட்டிய அடுத்த எஞ்சின் ஹா-140 இன்னும் மோசம். உடல் தயாராகி, எஞ்சின் வராமல் சுமார் 275 விமானங்கள் தொழிற்சாலையில் வரிசையாக நின்றன. 1945 ஜனவரியில் எஞ்சின் செய்த தொழிற்சாலை மீதும் குண்டு விழுந்தது.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குச் செய்யத் தெரிந்த, பழகிய மிட்சுபிஷி ஹா-112 ரேடியல் எஞ்சினை (சிலிண்டர்கள் வட்டமாக நிற்பது) அந்த ஒல்லியான உடலில் மாட்டினார்கள். ரேடியல் அகலமானது, உடலோடு ஒட்டவில்லை, இடைவெளியை மூடத் தகடு அடித்தார்கள். 1945 பிப்ரவரி 1-ஆம் தேதி பறந்தது. கி-100 என்று பெயர். வேகம் கொஞ்சம் குறைவு. ஆனால் எடை குறைந்து நன்றாக வளைந்தது, முக்கியமாகக் காலையில் ஸ்டார்ட் ஆனது. விமானிகள் இதையே விரும்பினார்கள்.

எங்கள் தொழிலில் புதுப்பையன்களுக்கு வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுக்கும்போது நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. பேக்கார்டிடம் இருந்தது நிக்கல், நேரம், ஆள், குண்டு விழாத கூரை. கிராங்க்சாஃப்ட் அண்ணா சொல்லும் பழக்கத்தோடு இந்த நான்கையும் சேர்த்தால்தான் 55 ஆயிரம் வரும்.